கழிவும் எச்சமும்: பொம்மையார்பாளையக் கடற்கரையின் துணிப்பாவைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவிலை அடுத்த மீனவ ஊர்களின் பெண்கள் ஆடைத் தொழிலின் வெட்டுத்துணிகளைக் கொண்டு செய்த ‘சுனாமிகா’ என்னும் சிறு பாவை, கழிவுப்பொருட்களால் ஆன கலை குறித்துத் தமிழில் எழும் கேள்விகளுக்குத் தக்க சான்றாகும். கழிவிலிருந்து அழகு பிறந்தது என்னும் பாராட்டுரையோடு இத்தகைய ஆக்கங்கள் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது. அப்பொருள் எங்கிருந்து வந்தது, அதை மாற்றியவர் யார், மாறிய பொருள் யாருடைய பெயரைத் தாங்குகிறது என்னும் மூன்று கேள்விகளும் கேட்கப்படுவதில்லை. தமிழ் இலக்கண மரபின் ‘எச்சம்’ என்னும் கருத்தாக்கத்தை அளவுகோலாகக் கொண்டு சுனாமிகாவை மதிப்பிடும் இக்கட்டுரை, சண்டிகர், தில்லி, சென்னை ஆகிய நகரங்களின் ஆக்கங்களோடு அதை ஒப்பிட்டு, அதன் கலைப்பேற்றையும் குறையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கழிவு, எச்சம், குப்பை, சுனாமிகா, பொம்மையார்பாளையம், நெய்தல், வண்டற்பாவை, கைவினை, கடலரிப்பு.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் பொம்மையார்பாளையம். தமிழிலக்கிய வரலாறு இவ்வூரை 17ஆம் நூற்றாண்டுப் புலவர் துறைமங்கலம் சிவப்பிரகாசர் வழியாக அறியும். அவர் தம் ஆசிரியராகக் கொண்டு சிற்றிலக்கியங்கள் பலவற்றால் போற்றிய சிவஞான பாலைய தேசிகரின் மடம் இவ்வூரைச் சார்ந்தது. இன்று ஊருக்கு மேற்கே ஆரோவில். கிழக்கே மீனவர் குடியிருப்பும் கடலும். வடக்கே கடற்கரை வழியே சென்றால் மரக்காணத்தின் உப்பளங்கள். மடம், கடல், உப்பு, உலகின் பல நாட்டார் கூடி வாழும் ஒரு குடியிருப்பு என நான்கும் ஒரு சாலையில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இச்சூழலில் ஆழிப்பேரலைக்குப் பின் இருவகைக் கைவினைகள் தோன்றின. ஒன்று, வெட்டுத்துணியால் ஆன சுனாமிகா. மற்றொன்று, பழைய நாளிதழ்த் தாளைச் சுருட்டிக் கிண்ணமும் கூடையும் அணிகலனும் செய்யும் ‘வெல் பேப்பர்’ பெண்களின் வேலை. இரண்டும் பிறரால் எறியப்பட்டவற்றை மூலப்பொருளாகக் கொண்டவை; இரண்டிலும் உழைத்தோர் சுற்றுவட்டாரப் பெண்கள். இவை செய்தியாக, தொண்டாக, வாழ்வாதாரத் திட்டமாகப் பேசப்பட்டிருக்கின்றன. கலைப்பொருளாக வைத்துத் திறனாய்வு செய்யப்பட்டது குறைவு. திறனாய்வுக்கு உட்படாத பாராட்டு, செய்தவரைக் கலைஞராக ஏற்காமல் உதவி பெற்றவராகவே நிறுத்திவிடும். எனவே சுனாமிகாவை ஒரு கலை ஆக்கமாகவே கொண்டு அதன் நிறைகுறைகளை அளப்பது, அப்பெண்களுக்குச் செய்யும் முதல் மரியாதை எனலாம்.

கழிவு, குப்பை, எச்சம்

பயன் முடிந்த பொருளைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்கள் ஒரே நோக்கை உடையன அல்ல. ‘கழிவு’ என்னும் சொல் கழித்தலிலிருந்து வருவது. கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்பது அதன் உட்பொருள். நீக்கியவரின் நிலையிலிருந்து பார்க்கும் சொல் அது. தையற்கூடத்தின் பார்வையில் சட்டையின் வடிவத்துக்குப் புறம்பான துணி கழிவு. அத்துணியைப் பொறுக்கிச் செல்பவருக்கு அது கழிவு அன்று, அன்றைய கூலி.

‘குப்பை’ என்பதன் பழம்பொருள் குவியல். நெற்குவியலும் குப்பை எனப்பட்டது. நெய்தல் நிலத்தில் உப்புக்குவியலும் குப்பை எனப்பட்டது. மரக்காணத்துச் சாலையோரம் வெண்மையாகக் குவிந்து கிடக்கும் உப்பைச் சங்கப் புலவர் குப்பை என்றே சொல்லியிருப்பார். உழைப்பின் திரண்ட பயனைக் குறித்த சொல், பிற்காலத்தில் வேண்டாதவற்றின் திரளைக் குறிக்கலாயிற்று. திரளாகக் குவிவது என்னும் பண்பு மட்டும் இரு பொருளுக்கும் பொதுவாக நிற்கிறது.

மூன்றாவது சொல் ‘எச்சம்’. எஞ்சி நிற்பது எச்சம். இலக்கணத்தில் இச்சொல் இன்னும் நுட்பமான பொருளைப் பெறுகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயல் எச்சவியல் எனப் பெயர் பெறும். பெயரெச்சமும் வினையெச்சமும் உள்ளிட்ட பத்து எச்சங்கள் அவ்வியலில் சுட்டப்படுகின்றன. எச்சம் என்பது குறையுடைய சொல் அன்று. முடிக்கும் சொல்லை நோக்கி நிற்கும் சொல். ‘வந்த’ என்பது பெயரை வேண்டி நிற்கும். ‘வந்து’ என்பது வினையை வேண்டி நிற்கும். முடிக்கும் சொல் வந்தபோதும் எச்சம் அழிவதில்லை. தன் உருவோடு அத்தொடருக்குள் நின்று பொருள் தருகிறது. திருக்குறளிலோ இச்சொல் ஒருவருக்குப் பின் எஞ்சுவனவாகிய மக்களையும் புகழையும் குறிக்க ஆளப்படுகிறது.

கழிவுப்பொருட் கலையை மதிப்பிட இந்த மூன்றாவது சொல்லே உகந்தது. எஞ்சிய பொருள் ஆக்கத்துக்குள் தன் பழைய உருவோடு நிற்கிறதா, அதை முடிக்கும் சொல்லாக வருவது எது என்னும் இரு கேள்விகளை அது எழுப்புகிறது. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது என்னும் பழமொழியின் நோக்கில், குப்பை என்பது மணி தவறி விழுந்த இடம். மணியை எடுத்தபின் குப்பைக்கு வேலையில்லை. கழிவுப்பொருட் கலையில் மணி என்று தனியாக ஒன்றில்லை. எறியப்பட்டதே ஆக்கத்தின் உடல். பழமொழியின் நோக்கில் இக்கலையைப் பாராட்டும்போது, அந்த உடல் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

வண்டற்பாவையும் துணிப்பாவையும்

நெய்தல் திணையில் பாவைக்கும் கடலுக்கும் உள்ள உறவு பழமையானது. கரையில் விளையாடும் சிறுமியர் ஈரமணலாலும் வண்டலாலும் பாவை செய்வதையும், அலை அதைக் கொண்டுபோவதையும் சங்கப் பாடல்கள் பலவிடத்துக் காட்டுகின்றன. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியில், தன் வண்டற்பாவையைக் கடல் கவர்ந்தது கண்டு சினந்து, நுண்ணிய மணலை அள்ளி இட்டுக் கடலையே தூர்க்க முனையும் ஒரு பெண் வருகிறாள். மூன்றடிப் பாடல் அது. அங்கே அது காதற்சூழலில் எழும் மென்மையான காட்சியேயாயினும், கடல் எடுத்துக்கொண்டதற்கு எதிராக ஒரு சிறு கை செய்யும் செயல் என்ற அளவில், 2005இல் இக்கரையில் நிகழ்ந்ததற்கு அதைவிடப் பொருத்தமான முன்னுரை தமிழில் இல்லை.

ஆழிப்பேரலை தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. இறந்தோரில் மிகப் பலர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். விழுப்புரம் கடற்கரையும் படகு, வலை, வீடு, உயிர் என இழந்தது. அதன்பின் வந்த மாதங்களில், ஆரோவிலில் இயங்கிவரும் உபாசனா வடிவமைப்புக் கூடம், அதன் நிறுவனர் உமா பிரஜாபதியின் முன்னெடுப்பில், மீனவப் பெண்களுக்குக் கைத்தொழிற் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. ஆடைத் தயாரிப்பில் எஞ்சிய துணித்துண்டுகளே மூலப்பொருள். அவற்றிலிருந்து உருவான உள்ளங்கைக்குள் அடங்கும் பாவைக்குச் சுனாமிகா எனப் பெயரிடப்பட்டது. பாவைக்கு விலை வைப்பதில்லை என்பது தொடக்கத்திலேயே எடுக்கப்பட்ட முடிவு. வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம், விரும்பினால் நன்கொடை அளிக்கலாம், அந்நன்கொடையே செய்தவருக்கு ஊதியமாகும். இவ்வழியில் பல இலட்சம் பாவைகள் பல நாடுகளுக்குச் சென்றன.

இப்பெண்களுக்குப் பழந்துணியைக் கொண்டு உருவம் செய்யும் பழக்கம் புதிதாகக் கற்பிக்கப்பட்டதாக எண்ணுவது தவறு. மீன்கூடை சுமக்கும் பெண், நைந்த சேலையின் துண்டைச் சுருட்டித் தலையில் வைக்கும் சும்மாடு, எஞ்சிய துணி வேறொரு பயனுக்குத் திரும்பும் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று. பழஞ்சேலை குழந்தைக்குத் தூளியாகும்; தூளி நைந்தால் கரித்துணியாகும். கிழிந்த வலை கீரைப்பாத்திக்கு வேலியாகும். கருவாடு காயவைக்கும் விரிப்பாகும். துணியைச் சுருட்டவும் மடிக்கவும் முடியவும் அறிந்த கைகளுக்கே சுனாமிகாவின் வடிவம் எளிதில் வசப்பட்டது. வடிவமைப்புக் கூடம் அளித்தது பொருளையும் சந்தர்ப்பத்தையும் ஓர் உருவத்தையும்; கைத்திறத்தின் பெரும்பகுதி கரையிலேயே இருந்தது. இந்த வேறுபாட்டைக் கூறாமல் விடும் எந்த மதிப்பீடும், கற்பித்தவர் ஒருபுறமும் கற்றுக்கொண்டவர் மறுபுறமுமாக ஒரு பொய்யான பிரிவை ஏற்படுத்திவிடும்.

துண்டின் தடம்

சுனாமிகாவின் கலைத்தன்மை அதன் முகத்தில் இல்லை. முகம் ஏறத்தாழ எல்லாப் பாவைகளிலும் ஒன்றே: சில கோடுகளால் ஆன கண்ணும் புன்னகையும். பேரழிவின் பெயர் தாங்கிய உருவம் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பது, பெறுபவருக்கு ஆறுதல் தருவதற்கான ஏற்பாடு என்றே தோன்றும். பிள்ளையை இழந்த தாயின் கை அந்தச் சிரிப்பை ஒரு நாளில் எத்தனை முறை தைத்தது என்று எண்ணத் தொடங்கினால், அச்சிரிப்பு அவ்வளவு எளிதாகத் தெரியாது. செய்பவரின் துயருக்கும் செய்யப்படும் முகத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பாவை காட்டுவதில்லை, மறைக்கவே செய்கிறது.

அதன் கலை துணியில் இருக்கிறது. எந்தத் துண்டு கைக்கு வருகிறதோ அதுவே ஆடையாகிறது. ஒரு பாவையின் பாவாடையில் கோடுகளின் பாதி; மற்றொன்றில் பூவின் ஓரிதழ்; வேறொன்றில் நிறம் மட்டும். யாரோ ஒருவர் அணிய இருந்த சட்டையின் தோளும் கழுத்தும் வெட்டப்பட்டபின் நின்ற மிச்சம் அது. முழு வடிவம் எங்கோ சென்றுவிட்டது. அதன் ஓரம் இங்கே இருக்கிறது. இவ்வகையில் ஒவ்வொரு பாவையும் தான் காணாத ஓர் ஆடையின் எச்சமாக நிற்கிறது. அச்சில் வார்த்த பொம்மைக்கு இத்தன்மை இல்லை. இலட்சக்கணக்கில் செய்யப்பட்டும் இரண்டு பாவைகள் ஒன்றுபோல் அமையாததற்குக் காரணம் கலைஞரின் தேர்வு மட்டும் அன்று. துண்டின் தற்செயலும் ஆகும். தற்செயலை மறுக்காமல் ஏற்று அதற்கேற்ப மடிப்பதும் தைப்பதுமே செய்பவரின் கலைத்தீர்ப்பு.

தமிழகத்தில் துணி எச்சத்துக்கு வேறு கதிகளும் உண்டு. திருப்பூரின் வெட்டுத்துணி ‘பனியன் வேஸ்ட்’ என்னும் பெயரில் பட்டறைகளுக்குச் சென்று எண்ணெய் துடைக்கும் துணியாகிறது. ஒரு பகுதி மீண்டும் பஞ்சாக்கப்பட்டு ஓபன் எண்ட் ஆலைகளில் நூலாகிறது. இவ்விரு வழிகளிலும் துண்டின் தடம் அழிந்துபோகிறது. தஞ்சைப் பகுதியில் தேருக்கும் கோயிலுக்கும் செய்யப்படும் தொம்பைகளில், வெட்டிய வண்ணத் துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைக்கப்பட்டு உருவங்களாகின்றன. அங்கே துண்டு திட்டமிட்டு வெட்டப்படுகிறது. புதுச்சேரியின் திருக்கனூரில், புவிசார் குறியீடு பெற்ற காகிதக்கூழ் கைவினையில், தாள் கரைந்து கூழாகித் தன் எழுத்தை இழந்து புதிய உடலைப் பெறுகிறது. ‘வெல் பேப்பர்’ கிண்ணத்திலோ தாள் கரைவதில்லை; சுருளின் விளிம்பில் செய்தித்தாளின் எழுத்துகள் துணுக்குகளாகத் தெரிகின்றன. கரைத்தல், திட்டமிட்டு வெட்டுதல், தடத்தோடு ஏற்றல் என்னும் மூன்று முறைகளில், பிந்தியதே எச்சத்தின் இயல்புக்கு நெருக்கமானது. சுனாமிகாவும் ‘வெல் பேப்பர்’ ஆக்கங்களும் இம்முறையைச் சார்ந்தவை. அவற்றின் கலைப்பேறு இங்கேயே அமைகிறது.

நகரின் எச்சங்கள்: மூன்று ஒப்பீடுகள்

கழிவுப்பொருட் கலையின் இந்திய முன்னோடி சண்டிகரின் பாறைத் தோட்டம். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த், 1950களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் அரசு அறியாமல் அதை உருவாக்கினார். 1976இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. உடைந்த வளையல், பீங்கான், மின்சாதனத் துண்டு, கட்டட இடிபாடு ஆகியவையே மூலப்பொருட்கள். லெ கொர்பூசியரின் நேர்கோட்டு நகரம் எழுவதற்காக அகற்றப்பட்ட சிற்றூர்களின் இடிபாடுகளும் அவற்றுள் அடங்கும். இதனால்தான் அத்தோட்டம் வெறும் வினோதமாக நின்றுவிடவில்லை. புதிய நகரம் தன் கணக்கிலிருந்து கழித்த ஊர்கள், அந்நகரின் ஓரத்தில் மனித உருவங்களாக மீண்டும் எழுந்து நின்றன. பழந்துணியால் நேக் சந்த் செய்த பொம்மைகளுக்கும் அங்கே தனிக் காட்சியகம் உண்டு. அவற்றைக் காண்பவர் செய்தவரின் பெயரை அறிந்தே காண்கிறார்.

ஓவியர் விவான் சுந்தரம் 2008இல் காட்சிப்படுத்திய ‘குப்பை’ வரிசை இன்னொரு வழியைத் தேர்ந்தது. தில்லியின் குப்பை சேகரிப்போரின் துணையோடு திரட்டிய பொருட்களால் தம் கூடத்தின் தரையில் ஒரு முழு நகரத்தை அமைத்து, அதை உயரத்திலிருந்து ஒளிப்படமாக எடுத்தார். தொலைவில் நின்று பார்க்கும்போது திட்டமிட்ட மாநகரம்; நெருங்கிப் பார்க்கும்போது தகரமும் நெகிழியும். குப்பை சேகரிப்போர் இவ்வாக்கத்தின் சூழலில் இடம்பெற்றனர். ஆயினும் கலையுலகில் கையொப்பம் ஒருவருடையது.

2019இல் தெற்குத் தில்லி மாநகராட்சி திறந்த ‘கழிவிலிருந்து வியப்பு’ பூங்காவில் ஏறத்தாழ 150 டன் பழைய இரும்பால் உலக அதிசயங்கள் ஏழின் உருப்படிகள் எழுப்பப்பட்டன. தாஜ்மகாலும் ஈபிள் கோபுரமும் அங்கே அடையாளம் தெரியும்படி நிற்கின்றன. அடையாளம் தெரிய வேண்டும் என்னும் அந்த நோக்கமே அவ்வாக்கத்தின் எல்லையாகவும் அமைகிறது. மிதிவண்டிச் சங்கிலியும் வண்டி உறுப்பும் ஏற்கெனவே புகழ்பெற்ற ஒரு வடிவத்துக்கு அடங்கிப் போகின்றன. எச்சம் இங்கே முடிக்கும் சொல்லுக்கு அடிமையாகிறது. தன் வரலாற்றைச் சொல்லும் வாய்ப்பை இழக்கிறது.

சென்னைக் கண்ணகி நகர் இவற்றிலிருந்து வேறுபட்ட சான்று. அங்கே மறுபயன் பெற்றது பொருள் அன்று, சூழல். நகரின் நீர்க்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களை அகற்றிக் குடியேற்றிய அடுக்கங்களின் சுவர்களில், 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, சென்னை மாநகராட்சியின் ஆதரவோடு பெரிய ஓவியங்களைத் தீட்டியது. தெருவைக் காண வெளியிலிருந்து மக்கள் வரத் தொடங்கினர். பகுதியின் பெயரைச் சொல்லத் தயங்கிய இளையோர்க்கு அது சிறு பெருமையும் தந்தது. எனினும் சுவரில் ஓவியம் வந்ததால், அந்தச் சுவர் ஏன் நகரின் விளிம்பில் எழுந்தது என்னும் கேள்வி நீங்கிவிடவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் சென்னைக் கரையிலிருந்து அகற்றப்பட்ட மீனவக் குடும்பங்கள் பலவும் அதே பழைய மாமல்லபுரச் சாலைப் பக்கத்துச் செம்மஞ்சேரியில் குடியேற்றப்பட்டன என்பதை நினைத்தால், பொம்மையார்பாளையக் கரையின் கதையும் கண்ணகி நகரின் கதையும் தொலைவில் இல்லை எனத் தெளியலாம். பொருளைக் கழிவாக்கும் நகரமே மனிதரையும் ஓரத்துக்குக் கழிக்கிறது.

பெயர், கூலி, கொடை

பெயரெச்சம் பெயர் கொண்டு முடியும் என்பது இலக்கண விதி. சுனாமிகா எப்பெயர் கொண்டு முடிகிறது? அலையின் பெயரைக் கொண்டு முடிகிறது. சில வேளைகளில் நிறுவனத்தின் பெயரைக் கொண்டு முடிகிறது. செய்தவர் ‘மீனவப் பெண்கள்’ என்னும் பன்மையாக மட்டுமே பாவையோடு பயணம் செய்கிறார். தலையாட்டிப் பொம்மைக்குத் தஞ்சாவூர் என்னும் ஊர்ப்பெயர் உண்டு. சுடுமண் சிற்பத்துக்கு வில்லியனூர் என்னும் ஊர்ப்பெயர் உண்டு. பொம்மை என்னும் ஒலியைத் தன் பெயரிலேயே கொண்ட பொம்மையார்பாளையமோ, அதன் அண்டை ஊர்களோ, உலகெங்கும் சென்ற இப்பாவையின் பெயரில் இல்லை.

இதற்கு மறுப்பாக இரண்டு வாதங்கள் எழலாம். முதலாவது, கைவினை மரபே பெயரற்றது. சிற்பியும் குயவரும் தம் பெயரைப் பொறித்ததில்லை. கையொப்பம் நவீனக் கலைச்சந்தையின் தேவை. இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. மரபுக் கைவினைஞரின் பெயர் பொருளில் இல்லாவிடினும், பொருளைப் பெறுபவர் அவரை அறிந்திருந்தார். எந்தத் தெரு, எந்தக் குடும்பம், எந்தச் சூளை என்பது ஊருக்குத் தெரியும். பெயரின்மை அங்கே அறியாமை ஆகாது. கடல் கடந்து செல்லும் பாவையைப் பெறுபவருக்கோ அறிய வேறு வழியே இல்லை.

இரண்டாவது வாதம் வலிமையானது. இப்பாவை கொடை; கொடையில் பெயர் பொறிப்பது கொடையின் தூய்மையைக் கெடுக்கும் என்பது அது. விலையை மறுத்ததன் மூலம் சுனாமிகா பெற்ற அறமதிப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. அழிவைச் சந்தைப் பொருளாக்க மறுத்த செயல் அது. நினைவுச்சின்னங்களை அச்சிட்டு விற்கும் காலத்தில் அரிய முடிவு. ஆயினும் கொடை யாருடையது என்பதில் தெளிவு வேண்டும். செய்த பெண் கொடை தரவில்லை. உழைத்தார், அதற்கு ஊதியம் பெற்றார். பெற வேண்டிய ஊதியம் அது. கொடையாளராகக் காட்சி தருபவர் நன்கொடை அளித்தவர். உழைப்பு கொடையின் மொழியில் சொல்லப்படும்போது, உழைத்தவர் பெறுநராக மாறிவிடுகிறார். விலைக்கு விற்கப்படும் ‘வெல் பேப்பர்’ கூடையில் இந்தக் குழப்பம் இல்லை. வாங்குபவர் ஒரு வேலைப்பாட்டுக்குப் பணம் தருகிறார். செய்தவர் வேலை செய்தவராகவே அறியப்படுகிறார். விலையின் மொழி வறட்சியானதாயினும், இவ்வொரு செய்தியில் அது நேர்மையானது.

எனவே கொடை வேண்டாம், விலை வேண்டும் என்பது முடிவாகாது. பாவையோடு செல்லும் சிறு சீட்டில் செய்தவர் விரும்பினால் அவர் பெயரும், அவருடைய ஊரும், துணி வந்த வழியும் இடம்பெற்றால் கொடையின் அறம் குறைந்துவிடாது. கொடுக்கப்படுவது என்ன, யாருடைய கையால் என்பதைப் பெறுபவர் அறிந்து பெறுவார்.

ஒரு நாள் அலையும் ஒவ்வொரு நாள் அலையும்

சுனாமிகா ஒரே ஒரு நாளை நினைவுகூர்கிறது. அப்பெயர் அந்நாளிலிருந்து பிரிக்க இயலாதது. ஆனால் பொம்மையார்பாளையக் கரையைக் கடல் எடுப்பது 2004 டிசம்பரில் தொடங்கவும் இல்லை; அத்தோடு முடியவும் இல்லை. வங்கக் கடலின் இப்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி மணல் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் திசை மாறும். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் இந்த வடநோக்கிய ஓட்டத்தை மறித்தன. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை கரைந்தது. புதுச்சேரி நகரின் கரையைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டபின், அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து, கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எனத் தமிழகப் பகுதியின் மீனவக் குடியிருப்புகளை ஒவ்வொன்றாக எட்டியது. வலை உலர்த்திய இடமும் படகு ஏற்றிய இடமும் நீருக்குள் சென்றன. கரையோர வீடுகள் இடிந்தன.

ஒரு நகரம் தன் துறைமுகத்தைக் காத்துக்கொண்டதன் விளைவை மற்றோர் ஊரின் கரை ஏற்கிறது. சண்டிகருக்காகச் சிற்றூர்கள் இடிந்ததும் இதுவும் ஒரே கணக்குமுறையின் இரு வரிகள். வேறுபாடு ஒன்றே: அந்த இடிபாட்டுக்கு ஒரு நேக் சந்த் வாய்த்தார், மெல்ல நிகழும் இந்த அரிப்புக்கு இன்னும் ஒரு பாவை வாய்க்கவில்லை. பேரலையின் அழிவு ஒரு காட்சியாக அமைந்ததால் உலகின் இரக்கத்தைப் பெற்றது. அதற்குப் பாவையும் பிறந்தது. ஆண்டுக்குச் சில அடியாகக் குறையும் கரைக்கு நாளும் இல்லை, பெயரும் இல்லை. இயற்கைச் சீற்றம் என்று சொல்லி யாரையும் கேள்வி கேட்காமல் ஆறுதல் கொள்ளும் வாய்ப்பு இங்கில்லை. மனிதர் கட்டிய சுவரைச் சுட்ட வேண்டியிருக்கும். சிரிக்கும் முகம் அதற்குப் பொருந்தாது.

சுனாமிகாவின் மிகப் பெரிய எல்லை இதுவே. அது ஆற்றுகிறது, வினவுவதில்லை. 2005இல் ஆற்றுதலே முதல் தேவையாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. உறவை இழந்தவரிடம் வினாவை எதிர்பார்ப்பது இரக்கமற்ற திறனாய்வாகும். ஆனால் அதற்குப்பின் இரு பதிற்றாண்டுகள் கடந்துவிட்டன. அதே கரையில், அதே கைகளில், கிழிந்த வலையும் நைந்த கயிறும் உடைந்த படகின் இழைக்கண்ணாடிப் பலகையும் இடிந்த வீட்டின் ஓடும் எச்சங்களாகக் கிடக்கின்றன. அவை வெட்டுத்துணியைப்போல் வெளியிலிருந்து வந்தவை அல்ல. இக்கரையின் வாழ்விலிருந்தே எஞ்சியவை. அவற்றால் ஆகும் உருவத்துக்கு வடிவத்தையும் பெயரையும் கரையோர மக்களே தரவேண்டும்.

முடிவுரை

சுனாமிகாவின் கலைப்பேறு, துண்டின் தடத்தை அழிக்காமல் ஏற்றதிலும், அழிவின் நினைவை விற்க மறுத்ததிலும் அமைகிறது. அதன் குறை, செய்தவரின் பெயரைப் பன்மைக்குள் மறைத்ததிலும், கரையின் நீண்ட துயரை ஒரு நாளின் துயராகச் சுருக்கியதிலும் அமைகிறது. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்வதே அப்பாவைக்கு நீதி செய்யும் மதிப்பீடு.

கழிவுப்பொருட் கலையை மதிப்பிட இக்கட்டுரை முன்வைக்கும் அளவுகோல் மூன்று. எஞ்சிய பொருள் தன் பழைய வாழ்வை ஆக்கத்துக்குள் சொல்ல இடம்பெறுகிறதா? அதைக் கழிவாக்கிய தொழிலோ நகரமோ கண்ணுக்குத் தெரிகிறதா? அதை மாற்றிய கையின் பெயர் அறியப்படுகிறதா? பாறைத் தோட்டம் மூன்றுக்கும் ஓரளவு விடை தருகிறது. தில்லிப் பூங்கா ஒன்றுக்கும் தருவதில்லை. சுனாமிகா முதற் கேள்விக்கு முழுமையாகவும் இரண்டாவதற்கு அரைகுறையாகவும் விடை தந்து, மூன்றாவதில் மௌனம் காக்கிறது.

அந்த மௌனம் நீக்க இயலாதது அன்று. பாவை செய்த பெண்கள் பலர் இன்றும் இக்கரையில் வாழ்கின்றனர். அவர்களுடைய பெயரையும் நினைவையும், எந்தத் துணியை எப்படி மடித்தனர் என்பதையும் அவர்கள் இசைவோடு பதிவுசெய்வது தமிழாய்வுக்கு உரிய பணி. ஐங்குறுநூற்றின் பெண் கடலைத் தூர்த்துவிடவில்லை. ஆனால் அவள் கையள்ளிய மணலை ஒரு புலவர் கண்டு பாடினார். கண்டு சொல்பவர் இருக்கும்வரை எச்சம் கழிவாவதில்லை.